நன்னன் பேரைச் சொல்லாம போனா சோறு கிடைக்குமா?

ஒரு வாரமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எழுதித் தீர்த்தாத்தான் தூக்கம் வரும்போல. கொஞ்சம் சூடான பதிவு. தமிழாசிரியர்கள் யாராவது படிச்சா கோச்சுக்காதீங்க. கோச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, பின்னூட்டத்துல வந்து திட்டுங்க :-)

கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துட்டு மேல ஏறினா வெள்ளிமலை. அந்தப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம், பேர் வேணாம். பத்தாங்கிளாஸ் பசங்களுக்குக் கட்டுரைப் போட்டி வெச்சிருக்கோம், நீங்கதான் ஏதோ எழுதறவராச்சே, வந்து திருத்திக் குடுங்கன்னு கூப்பிட்டாங்க. நம்மளையும் மதிச்சு ஒருத்தர் கூப்பிடறாரேன்னு கிளம்பிட்டேன். கூட இன்னொரு நடுவர், ரிட்டயர்டு தமிழய்யா. தலைப்பு: மலைபடுகடாம் காட்டும் விருந்தோம்பல்.

மொத்தம் 31 கட்டுரை. அதுல 30 ஒரே கட்டுரை!

பத்துப்பாட்டுல ஒண்ணு, 583 அடி, கூத்தராற்றுப்படைன்னு இன்னொரு பேரு, பெருங்கௌசிகனார் நன்னனைப் பாடினது. இதுவரைக்கும் சரி, தகவல் ஒண்ணாத்தான் இருக்கும். அதுக்கப்புறமும் அதே வாக்கியம், அதே முன்னுரை, அதே முடிவுரை, அதே வியப்புக்குறி. "சாலச் சிறந்தது"ங்கறதை எவனோ "சாலை சிறந்தது"ன்னு எழுதிக் குடுத்திருக்கான்போல, அந்தச் சாலை ஏழு கட்டுரையில நீளமா போகுது. கல்வராயன் மலை ரோட்டுல பஸ்ல வந்தவன் எவனாவது யோசிச்சு எழுதியிருந்தா அப்படி எழுதியிருப்பானா?

முப்பத்தொண்ணாவது ஒரு பொண்ணு எழுதினது. முதல் பாதி இவங்களை மாதிரியேதான். ரெண்டாவது பக்கத்துல என்னமோ ஆயிருக்கு, அவளே பேச ஆரம்பிச்சுட்டா. பாட்டுல வர்ற தினைச்சோறு எங்க ஊர்ல இப்ப கிடையாது, பாட்டி காலத்துல இருந்துச்சாம், இப்ப சாமையே கொஞ்சம்தான், கொல்லை பூரா மரவள்ளி போட்டுட்டாங்கன்னு எழுதியிருக்கா. அதுக்கு அடுத்த வரிதான் என்னைத் தூங்க விடாத வரி. நன்னனுடைய ஆட்கள் என்று சொன்னால்தானே சோறு போடுகிறார்கள், நன்னன் பெயரைச் சொல்லாமல் போனால் போடுவார்களா என்று கேட்டிருக்கா.

பாடத்தை மறந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. நன்னன் ஊரு செங்கண்மா, இன்னிக்குச் செங்கம். கல்வராயனுக்கு வடக்கே, பெண்ணையாத்தைத் தாண்டினா அந்தச் சீமைதான். பரிசு வாங்கிட்டு வர்ற கூத்தன் ஒருத்தன், போகப்போற கூத்தனுக்கு மலைவழி சொல்றான். இந்தச் சிற்றூருக்குப் போங்க, நாங்க நன்னனோட கூத்தர்னு சொல்லுங்க, உங்க சொந்த வீடு மாதிரி உள்ள போகலாம், நெய்யில வெந்த கறியும் தினைச்சோறும் கிடைக்கும்கறான். பத்தாம் வகுப்புப் பாடத்துல இருக்கற பகுதியே இதுதான். அந்தப் பேரைச் சொல்லச் சொல்ற இடம் எல்லார் கண்ணு முன்னாடியும்தான் இருக்கு. நானும் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன், அதை ஒரு கேள்வியா பார்த்ததே இல்ல. பதினஞ்சு வயசுப் பொண்ணு பார்த்திருக்கா. அது உபசாரமா, இல்ல தலைவன்மேல இருக்கற பயமா, விசுவாசமா? ஒரு முழு ஆராய்ச்சிக்கான கேள்வி சாமி இது!

அந்த ரெண்டு பத்திக்கும் வகுப்பாசிரியர் ஏற்கனவே சிவப்பு மசியில வட்டம் போட்டு, "பாடத்தில் இல்லாதது"ன்னு எழுதி வெச்சிருந்தார்.

நான் முதல் பரிசு இவளுக்குத்தான்னேன். தமிழய்யா சிரிச்சார். "தம்பி, நீங்க சொல்றது அழகா இருக்கு. ஆனா இந்தப் புள்ளைங்க வீட்டுல இவங்கதான் முதமுதலா பத்தாவது எழுதறாங்க. விடைக்குறிப்புல இருக்கறதை எழுதினாத்தான் மார்க்கு. பேப்பர் திருத்தறவருக்கு நின்னு யோசிக்க நேரமில்ல. இந்த மனப்பாடக் கட்டுரைதான் இவங்களுக்கு ஏணி, அதை நீங்க புடுங்காதீங்க."

இதுக்கு எங்கிட்ட சட்டுனு பதில் இல்ல. ஏன்னா அவர் சொல்றது உண்மை. எட்டு மார்க் கேள்வியில மூணு போனா அந்தப் பொண்ணுக்குத்தான் நஷ்டம், நமக்கில்ல.

ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா கோவம் வேற பக்கம் திரும்புது. ஏணி வேணும், சரி. அதுல ஏறினப்புறம் வேற எதையாவது சொல்ல விடறோமா? பிளஸ் டூவுக்குப் போனா அங்க "நயம் பாராட்டுக". வார்த்தையைக் கவனிங்க மக்களே, பாராட்டுகங்கறது கட்டளை! மோனையை யானையோடயும் எதுகையை வைகையோடயும் முடிச்சுப் போடற அந்த வரிகளை நாம எல்லாருமே எழுதியிருக்கோம். எந்தப் பாட்டு வந்தாலும் அதே யானை, அதே வைகை. பாட்டு பிடிக்கலைன்னா? ஒரு உவமை பொருந்தலைன்னா? அதை எழுத இடமே கிடையாது. 1200 மார்க் 600 ஆச்சு, ரெண்டு தாள் ஒரு தாள் ஆச்சு, புதுப் பாடநூல் வந்துச்சு. பாராட்டு மட்டும் அப்படியே நிக்குது.

இதைத் தமிழ் மரபுன்னு வேற சொல்லிக்கறாங்க. எந்த மரபு? பரிமேலழகரை எடுத்துப் பாருங்க. தனக்கு முன்னாடி உரை எழுதினவங்க சொன்னதை எடுத்து வெச்சு, அது பொருந்தாதுன்னு மறுத்துட்டுத்தான் நகருவார். தொல்காப்பியத்துல இளம்பூரணர் சொன்னதோட நச்சினார்க்கினியர் எத்தனை இடத்துல மோதறார்! நம்ம உரையாசிரியருங்க பூரா சண்டைக்காரங்க. அவங்க இன்னிக்கு வந்து பொதுத்தேர்வு எழுதினா, எல்லார் தாள்லயும் சிவப்பு வட்டம்தான்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த முப்பது கட்டுரையையும் இப்ப செல்போன்ல கேட்டா பத்து செகண்டுல ஏஐ எழுதிக் குடுக்குது, "சாலை" இல்லாம, தப்பே இல்லாம. அந்த முப்பத்தொண்ணை அது எழுதாது, அதுக்கு மரவள்ளிக் கொல்லை வெச்சிருக்கற பாட்டி கிடையாது.

என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. எட்டு மார்க்குல ரெண்டு மார்க்கை மட்டும் "உனக்குத் தோணினது என்ன, ஏன்"னு ஒதுக்குங்க. பாட்டுல இருந்து ஒரு சான்று காட்டினா ரெண்டும் குடுங்க, பாராட்டினாலும் சரி, எதிர்த்தாலும் சரி. மிச்சம் ஆறும் விடைக்குறிப்புக்கே போகட்டும். ஏணியை யாரும் தொடலை.

வாத்தியாருங்களை மட்டும் சொல்லி நாம தப்பிச்சுக்க முடியாது. நம்ம சங்க இலக்கியப் பதிவுகளைக் கொஞ்சம் திரும்பப் படிங்க. "ஆஹா, என்ன ஒரு உவமை!", "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே பாருங்க!" கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனப்போ (2019 நவம்பர்) திருக்கோவிலூரும் நம்ம பக்கம் வந்துச்சு, கூடவே கபிலரும் வந்துட்டார்னு நானே கபிலர் குன்று போட்டோ போட்டுப் புல்லரிச்சு எழுதியிருக்கேன். எவனாவது ஒருத்தன் பின்னூட்டத்துல எதிர்த்து ஒரு கேள்வி கேட்டானா? கேட்டிருந்தா நான்தான் வெளியிட்டிருப்பேனா? ஹூம்.

பி.கு: ரொம்ப நேரம் மல்லுக்கட்டி, கடைசியில அந்தப் பொண்ணுக்கு மூணாம் பரிசு. முதல் பரிசு வாங்கினது சாலைகள்ல ஒண்ணுதான். மேடையை விட்டு இறங்கினப்புறம் அவளைக் கூப்பிட்டு, ரெண்டாவது பக்கம்தான் நல்லா இருந்துச்சும்மான்னு சொன்னேன். "சார், அது வேணாம்னு அடிச்சுடச் சொன்னாங்க, அடிக்க மறந்துட்டேன்"னா.