எந்தத் தொலைவில் தெளிவு வேண்டும்?

கண்புரை அறுவை சிகிச்சை இன்று மிகவும் எளிதாகிவிட்டது. சொட்டு மருந்தாலேயே கண்ணை மரத்துப்போகச் செய்து, மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறல் வழியாகப் புரையை மீயொலி அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த செயற்கை லென்ஸை உள்ளே பொருத்துகிறோம். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர். ஆனால், இந்த எளிமையே மருத்துவர்களாகிய எங்களை ஒரு தவறுக்கு ஆளாக்குகிறது என்பது என் கருத்து. கண்ணைத் துல்லியமாக அளக்கிறோம்; அக்கண்ணைக் கொண்டு அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பூக்கட்டும் தொழில் செய்யும் ஓர் அம்மையாருக்கு, ஒரு மாத இடைவெளியில் இரு கண்களிலும் அறுவை சிகிச்சை செய்தேன். இளமை முதலே கிட்டப்பார்வை உடையவர். என் கேள்விகளுக்கெல்லாம் உடன் வந்த மகனே விடையளித்தார். தூரப்பார்வைக்கு ஏற்ற லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். சிகிச்சைக்குப் பின், கண்ணாடியின்றியே எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தார். நான் மகிழ்ந்தேன். அவரோ தயக்கத்துடன், "பஸ் நம்பர் நல்லாத் தெரியுது டாக்டர். கையில இருக்கற மொட்டுதான் தெரியல" என்றார்.

பல்லாண்டுகளாகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பூக்கட்டியவர் அவர். அந்த அருகுப்பார்வையை, அவரைக் கேளாமலேயே நான் பறித்துவிட்டிருந்தேன். படிக்கும் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன், தொழில் நிற்கவில்லை. ஆயினும், வியர்வையில் நழுவும் கண்ணாடியைப் புறங்கையால் தள்ளியபடியே இன்றும் அவர் பூக்கட்டுகிறார்.

சாதாரண லென்ஸ் ஒரு தொலைவில் மட்டுமே முழுத் தெளிவைத் தரும். அது சாலையா, புத்தகமா, கையிலுள்ள ஊசியா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். பல தொலைவுகளுக்கும் உதவும் மல்டிஃபோகல் லென்ஸ்களும் உள்ளன. விலை கூடுதல் என்பதனால் அவை எல்லோருக்கும் சிறந்தவை ஆகிவிடா. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தோன்றலாம். இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது இடையூறு. விழித்திரை நோய் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே, லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் நோயாளியின் அன்றாட வாழ்வைக் கேட்டறிவது மருத்துவரின் கடமை. நீங்களும் உங்கள் வேலையையும், கண்ணாடி இல்லாமல் செய்ய விரும்பும் செயல்களையும் தயங்காமல் கூறுங்கள். உடன் வரும் குடும்பத்தினருக்கு என் வேண்டுகோள் ஒன்றே: விடையை நோயாளியே சொல்லட்டும். சற்று நேரம் பிடித்தாலும் பொறுத்திருங்கள். நாங்களும் பொறுத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். பூக்கட்டும் அந்த அம்மையாரிடம் அன்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.