சின்னக் கோடு... பெரிய ரகளை!

'பண்டைய கிரேக்க இலக்கணம்'னு சொன்னதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். மேட்டர்ல நம்ம நியூட்டனும் வர்றார்!

முதல்ல ஒரு குட்டி டெஸ்ட். 'நேத்து கேன்டீன்ல கலாய்ச்ச சீனியர்'. இவர் கலாய்ச்சவரா, சிக்கினவரா? ரெண்டும் ஆகலாம். நம்ம பெயரெச்சம் அப்படி! வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய அரிவாள்... மூணுக்கும் ஒரே 'வெட்டிய'தான். மிச்சத்தை நாமதான் புரிஞ்சுக்கணும்.

கிரேக்கத்தில் இதுக்குன்னே தனிச்சொல் இருக்கு. ஆண்பாலுக்கு 'ஹோஸ்', பெண்பாலுக்கு 'ஹே', ரெண்டும் இல்லாததுக்கு 'ஹோ'. பொதுவான ரூல் இதுதான்: எந்தப் பெயரைக் குறிக்குதோ அதோட பாலையும் எண்ணையும் எடுத்துக்கும். வேற்றுமை மட்டும், தன்னோட வாக்கியத்துல பார்க்கிற வேலையைப் பொறுத்தது. சீனியர் கலாய்ச்சிருந்தா 'ஹோஸ்', சிக்கியிருந்தா 'ஹோன்'. டவுட்டே வராது!

ஆனா, இதே சொல்லால ஒரு பெரிய சண்டை வந்துச்சு. பைபிளின் புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் கடிதம், 3-ம் அதிகாரம், 16-ம் வசனம். முன்னாடி 'ரகசியம்'னு ஒரு சொல் வருது. அது கிரேக்கத்தில் மூணாவது பால். ரூல்படி அடுத்து 'ஹோ' வரணும். ஆனா, மிகப் பழைய பிரதிகளில் இருப்பது ஆண்பால் 'ஹோஸ்'. சில பிரதிகளில் 'ஹோ'. பிற்காலப் பிரதிகள் பெரும்பாலானதில் 'தியோஸ்', அதாவது கடவுள்!

எப்படி இப்படி? அந்தக் காலத்தில் 'தியோஸ்'ஸை முதல், கடைசி எழுத்தை மட்டும் போட்டு, மேலே ஒரு கோடு இழுத்து எழுதுவாங்க. 'ஹோஸ்'ஸுக்கும் கிரேக்கத்தில் ரெண்டே எழுத்து. கடைசி எழுத்து ஒண்ணுதான். முதல் எழுத்து 'ஹோஸ்'ல வெறும் வட்டம், 'தியோஸ்'ல நடுவில் கோடு போட்ட வட்டம். ஆக, ரெண்டு கோடு சேர்ந்தா 'எவர்' என்பது 'கடவுள்' ஆயிடும்!

'கடவுள்'ங்கிறது பின்னாடி நுழைஞ்ச மாற்றம்னு 1690-ல் தத்துவ மேதை ஜான் லாக்குக்கு எழுதி அனுப்பினார் ஐசக் நியூட்டன். அவர் ஓட்டு 'ஹோ'வுக்கு. அச்சுக்குப் போறதுக்குள்ள அவரே வேண்டாம்னு நிறுத்திட்டார். அது வெளியானது 1754-ல். அவர் இறந்து 27 வருஷம் கழிச்சு!

1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் 'கடவுள்'. 1881-ல் வந்த திருத்தப் பதிப்பில் 'அவர்'. இன்னிக்கு ஆய்வாளர்களில் பெரும்பாலானவங்க 'ஹோஸ்' பக்கம்தான்.

தமிழ்ல மொழிபெயர்க்கிறவருக்கும் தப்பிக்க வழியில்லை. 'வெளிப்பட்டவர்'னு எழுதினா 'ஹோஸ்'. 'வெளிப்பட்டது'ன்னா 'ஹோ'. பேனா வார்த்தையோட கடைசிக்கு வர்றதுக்குள்ள முடிவு பண்ணியாகணும் மக்களே!