பால்பண்ணை மரங்களும் தாராவி மக்களும்

சுனாபட்டி, குர்லா, செம்பூர் வட்டாரத் தமிழர்களிடையே 2024-ஆம் ஆண்டிலிருந்து ஒரு கேள்வி அடிபட்டு வருகிறது. குர்லா நேரு நகரிலுள்ள அரசாங்கப் பால்பண்ணை நிலத்தில் மரங்கள் நிற்பதா, தாராவி மக்கள் குடியேறுவதா என்பதே அது. மரங்களுக்காகப் பேசுவோரிலும் தமிழர் உண்டு. வீடு வேண்டுவோரிலும் தமிழர் உண்டு. ஆகவே இரு தரப்பு நியாயத்தையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

அரசாணை கூறுவது என்ன?

2024 ஜூன் மாதம் மகாராஷ்டிர அரசு பிறப்பித்த ஆணைப்படி, பால்பண்ணையின் சுமார் 21 ஏக்கர் நிலம் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது. திட்டத்தை நிறைவேற்றும் கம்பெனியில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு.

2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப்பின் 2011 வரை வந்தவர்கள் இரண்டரை லட்சம் ரூபாய் செலுத்தித் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு பெறலாம். மாடிகளில் குடியிருப்போருக்கும் வெளியேதான் இடம். அதுவும் வாடகை முறையில். இவ்வாறு வெளியே அனுப்பப்படுவோருக்காகவே பால்பண்ணை நிலம் கேட்கப்பட்டது.

நிழலின் மதிப்பு

குர்லா கிழக்கு வாசிகள் இதை எதிர்த்ததில் வியப்பில்லை. அந்த இடத்தைப் பொதுப் பூங்காவாக்க வேண்டும் என்று கோரிப் போராடினர். புறநகரில் மரம் ஓர் அலங்காரப் பொருள் அல்ல. மே மாத வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும், கூடையை இறக்கிவைத்து இளைப்பாறும் காய்கறிக்காரிக்கும் அதுவே கூரை. சொசைட்டிக்காரர் வைத்த மரமானாலும் நிழல் தெருவில் போகிறவன் தலைமீதும் விழுகிறது. பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயரமான கட்டடங்கள் எழும்பும்போது, மதிலோரத்து மண் கார் நிறுத்துமிடமாகிவிடுகிறது. அந்த நிலையில், பொது நிலத்தில் மிஞ்சியிருக்கும் மரங்களின் அருமை கூடுகிறது.

மரங்களைக் காக்க 1975-ஆம் ஆண்டே மாநிலத்தில் சட்டம் வந்தது. 2021-இல் செய்த திருத்தப்படி, ஒரு மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்றுகள் நட வேண்டும். ஏட்டுக் கணக்கில் இது சரிதான். ஆயின் ஐம்பது வயது மரத்துக்கு ஈடாக நட்ட ஐம்பது கன்றுகள் நிழல் தருவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிடும்.

தாராவியின் நியாயம்

இருப்பினும், மரத்தைக் காட்டி மனிதரை விரட்டுவது முறையாகாது. "தாராவிக்காரர் வந்தால் வட்டாரம் கெட்டுவிடும்" என்ற பேச்சு தமிழர் வாயிலிருந்தே வருமானால் அது வெட்கப்பட வேண்டியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறியவர்களின் சந்ததியினரும் அவர்களுள் உண்டு. விடியற்காலையில் இட்லி அவித்துக் கூடையில் சுமந்து நகரெங்கும் விற்பவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் அவர்கள் பிழைப்பின் அடிப்படை. அவர்களில் பலர் கேட்பதும் குர்லாவில் வீடு அன்று, தாராவியிலேயே வீடு.

கிழக்கே தள்ளும் வழக்கம்

இங்குதான் பிரச்சினையின் வேர் தெரிகிறது. நகருக்கு வேண்டாதவற்றைக் கிழக்குப் புறநகருக்கு அனுப்புவது பழைய வழக்கம். குர்லா-செம்பூர் ரயில் பாதை 1906-இல் போடப்பட்டது நகரக் குப்பையை ஏற்றிச் செல்லத்தான். பயணிகளுக்கு அது திறந்துவிடப்பட்டது 1924-இல். அடுத்து 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மாஹுல் பகுதிக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன.

பின்னர் மனிதர்களும் அனுப்பப்பட்டனர். தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையோரத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு மாஹுலில் வீடு ஒதுக்கப்பட்டது. அந்தக் காற்றைச் சுவாசித்து வாழ முடியாது என்று அவர்கள் வழக்காடினர். விரும்பாதவர்களை அங்கே குடியேற்றாமல், மாதம் 15,000 ரூபாய் வாடகைப் பணம் தருமாறு பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் உத்தரவிட்டது. அந்தப் பாடம் ஏறவில்லை போலும். 2024-இல் தியோனார் குப்பைமேட்டின் 124 ஏக்கரையும் தாராவித் திட்டத்துக்கே தர அரசு முடிவெடுத்தது.

ஆக, நேரு நகரில் மரம் இழப்பவரும் தாராவியில் இடம் இழப்பவரும் எதிரிகள் அல்லர். இரு தரப்பாரின் இழப்புக்கும் காரணம் ஒன்றே. தாராவி நிலத்தில் விற்பனைக்கான அடுக்குமாடிகளுக்கு இடம் இருக்கிறது. அங்கேயே உழைத்து வாழும் மாடிக் குடித்தனக்காரருக்கு மட்டும் இடமில்லை என்பது எந்தக் கணக்கு?

சுனாபட்டி, செம்பூர்த் தமிழர் "இங்கே வராதீர்கள்" என்று சொல்வதை விட்டு, "அவர்களுக்கு அங்கேயே வீடு கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்தக் குரலில் தாராவியும் சேர்ந்துகொள்ளும். அப்போது பால்பண்ணை மரங்கள் தப்பும். இட்லிக் கூடைக்காரரும் அவற்றின் நிழலில் சற்று நேரம் உட்கார்ந்து போகலாம்.