வேட்டைக்காரன் யார்? குற்றவாளி யார்?

வேடர் குலத்தில் வளர்ந்த வள்ளியை மணந்த முருகனைக் காணச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கால் கடுக்க நடக்கும் மக்கள் நாம். கண்ணப்பர் படைத்த இறைச்சியை இறைவன் உவந்து ஏற்றான் என்று குருபூசை நடத்துபவர்களும் நாமே. ஆனால் இந்நாட்டின் வேடர் ஒருவர், தம் பாட்டன் வேட்டையாடிய காட்டிலே ஓர் உடும்பைப் பிடித்தால் சட்டம் அவரைக் குற்றவாளி என்கிறது. இறைவனுக்கு ஏற்ற இறைச்சி அரசாங்கத்துக்கு மட்டும் ஏலாமற் போனது எப்படி?

அந்தச் சட்டத்தின் பிறப்பைப் பார்ப்போம். இலங்கைக் காடுகளில் யானைகளைச் சூறையாடியவர்கள் வேடர்கள் அல்லர். 1845இல் இடி விழுந்து மாண்ட மேஜர் றோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது அக்காலத்தவர் கூற்று. இன்று தேசியப் பூங்கா எனப் போற்றப்படும் யாலக் காட்டின் ஒரு பகுதி, முன்னாளில் வெள்ளைக்காரக் கனவான்கள் வேட்டையாடி மகிழ்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. விலங்குகள் குறைந்த பின்னர்தான் ஆட்சியாளருக்கு ஜீவகாருண்யம் பிறந்தது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. விளையாட்டுக்காகச் சுட்டவன் கனவான். வயிற்றுக்காக அம்பெய்தவன் கள்ளன்! வெள்ளையன் போனான், அவன் எழுதிய நீதி போகவில்லை.

சுதந்திர இலங்கை செய்தது என்ன? மகாவலித் திட்டத்தின் பெயரால் காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய காட்டை 1983 நவம்பர் 9ஆம் திகதி மாதுறு ஓயா தேசியப் பூங்கா என வர்த்தமானியில் அறிவித்தார்கள். ஒரே நாளில், ஓர் அறிவித்தலால், தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்ந்தவர்கள் அத்துமீறி நுழைவோர் ஆயினர். பலர் ஹென்னானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். முதியவர் திசாஹாமி தம்பானையை விட்டு அகல மறுத்தார்; 1998இல் தாம் இறக்கும் வரை மறுத்தார். இன்று அந்தத் தம்பானையில் வேடர் ஒருவர் வில்லேந்தி உல்லாசப் பயணிகளின் படத்துக்கு நிற்கலாம். அதே வில்லோடு பூங்காவுக்குள் வேட்டைக்குப் போகலாகாது. பண்பாட்டைக் காட்சிப் பொருளாக்கி, அதன் உயிரைப் பறிப்பதற்குப் பெயர் பாதுகாப்பா?

வேட்டையை அனுமதித்தால் விலங்கினம் அழியும் என்பார்கள். அழித்தவர் யார் என்பதே நம் கேள்வி. பொல்லேபெத்த, றம்பகன் ஓயாப் பகுதியில் தம் மூதாதையர் காட்டைச் சோளப் பயிர்ச்செய்கைக்காக அழிக்கிறார்கள் என்று 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில எத்தோ அன்றோ? காட்டைக் காக்க வழக்காடுபவரையா காட்டின் பகைவர் என்பது?

அவர்களும் இப்பொழுது அம்பை விட்டுத் துவக்கை எடுத்துவிட்டார்களே என்று இன்னுமோர் ஆட்சேபம் எழும். அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடியினர் ஒருவர் இயந்திரப் படகிற் சென்று எறியீட்டியால் முதலை பிடித்தார். அனுமதிப்பத்திரம் இல்லை என்று வழக்கு வந்தது. 1999இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், யானர் வழக்கிலே, அவருடைய மரபுரிமையை மாநிலச் சட்டம் அழித்துவிடவில்லை எனத் தீர்த்தது. கனடாவின் மீயுயர் நீதிமன்றம் 1990இல் ஸ்பாரோ வழக்கில் மீன்பிடி உரிமையை ஆராய்ந்து ஒரு வரிசையை வகுத்தது: முதலில் இனம் அழியாது காத்தல், அடுத்து ஆதிக்குடிகளின் உணவு, மற்றவர்களின் வியாபாரமும் பொழுதுபோக்கும் அதற்குப் பின்னரே. பாதுகாப்பும் உரிமையும் ஒன்றையொன்று கொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நாம் இறைச்சி வியாபாரிகளுக்காக வாதாடவில்லை. அவர்களைத் தண்டிப்பதற்கு நாம் தடையுமல்லோம்.

2007இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆதிக்குடிகள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக இலங்கை கை உயர்த்தியது. வெளிநாட்டில் உயர்த்திய கை உள்நாட்டில் ஏன் மடங்கிக் கிடக்கிறது? கட்டளைச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கட்டும். எந்த விலங்கு, எந்தப் பருவம், எவ்வளவு என்பதை வேடர் சபைகளும் திணைக்களமும் சேர்ந்து வகுக்கட்டும். உணவுக்கான வேட்டை அவ்வரம்புக்குள் உரிமையாகட்டும். அதிகாரியின் தயவில் கிடைப்பது சலுகை. அதிகாரி மாறினால் அதுவும் மாறும். உரிமை அப்படியன்று.

இது சிங்கள நாட்டின் உள்வீட்டு விடயம் என்று தமிழர் ஒதுங்க முடியாது. வாகரைக் கரையோர வேடர்கள் தமிழ் பேசுபவர்கள். அவர்களுக்காக நம் தலைவர்கள் பேசிய பேச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நமக்கு உரிமை கேட்கும் வாய், நம்மிலும் எளியவனுக்காகத் திறக்கவில்லையானால் அந்தக் கோரிக்கைக்கு என்ன மதிப்பு? வர்த்தமானியும் தம்பானையோடு நின்றுவிடுவதில்லை. கொடிகாமத்துக்குத் தென்கிழக்கே, 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. குடிகளைக் கேளாமல் காட்டுக்குக் கோடு கீறும் பேனா, கடலேரிக்கும் கீறும், வயலுக்கும் கீறும்.

கண்ணப்பருக்குப் பூசை செய்வது எளிது. அவர் குலத்தவனுக்கு நீதி கேட்பதே கடினம். அதைக் கேட்கத் துணிவோமா?