ஒரு குழாய்க்குள் எத்தனை வயர்?

சகோதரிகளே, குசினிக்கு வயரிங் செய்பவர் “நல்ல வயர்தான்” என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதே குழாய்க்குள் வேறு எத்தனை இணைப்புகள் போகின்றன என்றும் கேளுங்கள்.

மின்சாரம் ஓடும் வயர் சூடாகும். குழாயில் தனியாகப் போகும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் சுமார் 24 அம்பியர் தாங்கும். மூன்று இணைப்புகளை ஒரே குழாயில் நெருக்கி, மூன்றும் ஒன்றாக வேலை செய்தால், சூடு வெளியேறாது. ஒவ்வொன்றும் தாங்குவது 17 அம்பியருக்கும் குறைவு. 2,000 வாட் கேத்தலும் 2,000 வாட் மின்னடுப்பும் ஓர் இணைப்பில் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். 20 அம்பியர் பிரேக்கரோ விழாது. நாளடைவில் வயரின் உறை சுவருக்குள்ளேயே பழுதாகும்.

ஆகவே குசினிக்குத் தனிக்குழாய் கேளுங்கள். இல்லையேல் 4 சதுர மில்லிமீற்றர் வயர். சுவர் பூசுமுன் கேளுங்கள்.