கணக்கு வராதவர்களுக்கா நர்சிங்?

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணோடு பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழிவழியாகச் சொல்லப்படும் ஆலோசனை ஒன்று உண்டு: "கணக்கு வரலைன்னா பியூர் சயின்ஸ் எடுத்துக்கோம்மா, நர்சிங் போயிடலாம்." சொல்பவருக்கு அந்தப் பெண்மேல் அக்கறைதான். விதிகளும் அவர் பக்கமே நிற்கின்றன. பி.எஸ்ஸி. நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது தாவரவியலும் விலங்கியலும், கூடவே ஆங்கிலம் போதும். கணித மதிப்பெண் தரவரிசையில் சேருவதே இல்லை. ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு அறிவியல் குரூப் படிக்காதவரும் விண்ணப்பிக்கலாம். இவ்வளவும் தெரிந்த பிறகு பிளஸ் டூவில் கணிதத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த முடிவை எடுக்கும்போது எல்லோரும் பார்ப்பது சேர்க்கை விதியை. வார்டில் நடக்கும் வேலையை யாரும் பார்ப்பதில்லை.

நவீன செவிலியர் பணிக்கு வித்திட்டவரிடம் இதைச் சொல்லியிருந்தால் திகைத்திருப்பார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் கணிதம் படிக்க வீட்டில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெண்ணுக்கு அது எதற்கு என்பது தாயாரின் கட்சி. நம் பாடப்புத்தகங்கள் கையில் விளக்கோடு அவரைக் காட்டி நிறுத்திக்கொண்டன. அவர் செய்த பெரிய காரியம் விளக்கு அணைந்த பிறகு நடந்தது. கிரிமியப் போர்க்காலத்தில், 1855 பிப்ரவரியில், ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் இறப்பு விகிதம் 42 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஜூன் மாதத்தில் அது 2 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. இடையில், மார்ச் மாதத்தில் வந்த சுகாதாரக் குழு அங்கிருந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்திருந்தது. போர் முடிந்து ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு உட்கார்ந்து எண்களை வகைபிரித்த பிறகுதான் முழு உண்மை அவருக்குப் புலப்பட்டது: சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது போர்க்காயம் அல்ல, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய். அதை அமைச்சர்கள் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி 1858இல் வட்ட வடிவ வரைபடங்களாக்கினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினராகவும் அந்த ஆண்டே ஆனார்.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனாலும் இங்கிருந்த ராணுவ முகாம்களிலிருந்து படிவம் படிவமாக விவரம் வரவழைத்து, ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 ஆங்கிலச் சிப்பாய்கள் இறக்கிறார்கள் என்று 1863இல் எழுதினார். பத்தாண்டு கழித்து அந்த எண் 18 ஆகக் குறைந்ததையும் அவரே கணக்கிட்டுச் சொன்னார்.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது இந்தக் கணக்கு மட்டும் கப்பலேறி வரவில்லை. வந்தவை சுத்தம், ஒழுங்கு, கீழ்ப்படிதல். எண்களெல்லாம் டாக்டரிடமும் கம்பவுண்டரிடமும் தங்கின. கிரெய்ன், டிராம், அவுன்ஸ் என்ற பழைய அளவைகளில் டாக்டர் எழுதித் தர, கம்பவுண்டர் கலக்கினார். மிக்சர் பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாகக் கத்தரித்த காகிதப் பட்டை ஒன்றை ஒட்டித் தருவாரே, வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. வகுத்தல் கணக்கு முழுவதும் அந்தக் காகிதத்தில் முடிந்துவிடும். நோயாளிக்கும் நர்ஸுக்கும் ஊற்றத் தெரிந்தால் போதும். நர்சிங்குக்குக் கணக்கு வேண்டாம் என்ற எண்ணம் நம்மிடம் வேர்விட்டது அந்தக் காலத்தில்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது பெரிய பொய்யும் இல்லை.

பிறகு எல்லாம் மாறியது. 1909இல் ஐடா ஸ்கடர் வேலூரில் தொடங்கிய செவிலியர் பள்ளி 1946இல் பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரியாக வளர்ந்தது. 1950களின் பிற்பகுதியில் மெட்ரிக் அளவைகள் நாட்டுக்குள் வந்தன. மிக்சர் போய் மாத்திரையும் ஊசியும் வந்தன, கம்பவுண்டர் மெல்ல மறைந்தார். அவர் செய்துகொண்டிருந்த கணக்கு எங்கே போனது? மருந்தைக் கடைசியாகக் கையில் எடுப்பவரிடம் வந்து சேர்ந்தது. அதாவது நர்ஸிடம்.

இன்று ஒரு நைட் டியூட்டியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். டிரிப் செட்டில் 20 சொட்டு 1 மி.லி. எனில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இது எளிது. ஐ.சி.யூ.வில் 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு டோபமின், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. சிரிஞ்சு பம்ப்பில் இருப்பது 50 மி.லி.யில் 200 மி.கி. மில்லிகிராமை மைக்ரோகிராமாக்கி, நிமிடத்தை மணியாக்கி, எடையால் பெருக்கி, செறிவால் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. வரும். தசமப் புள்ளியை விட்டுவிட்டால் அது 45. சொன்ன எண்ணைத்தான் பம்ப் ஓட்டும். அந்த எண் நியாயமானதா என்று அதற்குத் தெரியாது.

இன்சுலினில் இன்னொரு பொறி இருக்கிறது. நம் நாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. அதனதற்கு அதனதன் சிரிஞ்சு. சிவப்பு மூடி போட்ட 40 சிரிஞ்சில் 100 குப்பி மருந்தை 20 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50. சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க நுண்கணிதம் வேண்டாம், விகிதம் மனதில் ஊறியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் செவிலியர் கவுன்சில் 2018இல் கொண்டுவந்த பயிற்சி விதிகளில், மருந்தளவு கணக்குத் தேர்வில் மாணவர் 100க்கு 100 எடுத்தாக வேண்டும். நாம் 35இல் தேர்ச்சி தருகிற ஊர். இங்கிருந்து அங்கே வேலைக்குப் போக நினைக்கும் நர்ஸும் கணினித் தேர்வில் தனியாக ஒரு கணக்குப் பகுதியைத் தாண்டியாக வேண்டும்.

அப்படியானால் நர்சிங் போக விரும்பும் எல்லோரும் பயோ மேக்ஸ்தான் எடுக்க வேண்டுமா? என் பதில், வேண்டாம் என்பதே. பிளஸ் டூ கணிதத்தில் உள்ள அணிகளும் கலப்பெண்களும் கூம்பு வெட்டிகளும் எந்த வார்டிலும் எதிர்ப்படப்போவதில்லை. நர்சிங் இடம் கிடைக்காமல் போனால் பொறியியலுக்கோ வேறு பட்டப்படிப்புக்கோ போகும் வழி திறந்திருக்கட்டும் என்று நினைப்பவர் அதை எடுக்கலாம். எம்.எஸ்ஸி., பொதுச் சுகாதாரம், ஆராய்ச்சி என்று தூரத்தில் கண்வைத்திருப்பவரும் எடுக்கலாம். அந்தக் குரூப்பில் வரும் நிகழ்தகவு பின்னால் உதவும். பி.எஸ்ஸி. நர்சிங்கிலேயே ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரு பாடம் என்பதைப் பலர் கல்லூரிக்குள் போன பிறகுதான் அறிகிறார்கள். அதற்கான அடித்தளம், திட்டவிலக்கம்வரை, பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசி இயலிலேயே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. கணக்கு வராத பெண்ணை நர்சிங் பக்கம் தள்ளிவிடுகிறோம். தள்ளிவிட்ட கையோடு இரண்டு வருடம் கணக்கையே அவள் கண்ணில் காட்டாமல் வைக்கிறோம். எட்டாம் வகுப்பு நேர்விகிதத்தை அவள் மறந்துபோன பிறகு ஊசியைக் கையில் கொடுக்கிறோம். சலுகை என்று நினைத்துச் செய்வது அவள் தலையிலும் நோயாளி தலையிலும் சேர்ந்து விடிகிறது.

பியூர் சயின்ஸ் எடுத்தவருக்கு வழியே இல்லை என்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் அலகுகளோடும் அளவீட்டோடும் தொடங்குகிறது. வேதியியலில் முதல் பாடமே கணக்கீடுகள், பின்னால் கரைசல்கள் பற்றிய பாடமும் வருகிறது. நூறு மி.லி.யில் இத்தனை கிராம் என்று அங்கே வரும் செறிவுக் கணக்கைத்தான் குளுக்கோஸ் பாட்டிலின் லேபிளில் 5% என்று அச்சிட்டிருக்கிறார்கள். கணக்கை விட்டுவிட்டுத் தியரியிலேயே பாஸ் பண்ணிவிடலாம் என்று டியூஷனில் சொல்லித்தருவார்கள். நர்சிங் போகிறவர் அந்த ஒரு யோசனையை மட்டும் கேட்காமல் இருக்கலாம். பள்ளிகள் மனம் வைத்தால், அந்தக் குரூப்புக்கு வாரம் ஒரு பீரியட் கணித ஆசிரியரை அனுப்பலாம். பாடத்திட்டமோ அரசாணையோ மாற வேண்டியதில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பழைய புத்தகங்களும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிய நாலைந்து காலி மருந்துப் பெட்டிகளும் இருந்தால் அந்த வகுப்பை நடத்திவிடலாம்.