முரசு அறைந்தவனை ஊருக்குத் தெரியும். போர்வேர்ட் அனுப்பியவனை?



மாரி தொடங்கினால் நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களுக்கு நித்திரை கிடையாது. "இரணைமடு வான்கதவு திறந்தாச்சாம்", "குளம் உடைக்கப் போகுதாம்", "எல்லாரும் உடனே பகிருங்கோ". யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது, படம் எந்த வருசத்துப் படம், ஒன்றும் இருக்காது. இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கள்.

முரசுமோட்டை என்ற நம் ஊர்ப் பெயரிலேயே முரசு இருக்கிறது. பழந்தமிழர் செய்தி சொன்ன கருவிகளில் பெரியது அதுதான். மணிமேகலையின் முதல் காதையில் புகார் நகரத்து இந்திர விழா அறிவித்தல் வருகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, அந்தத் தொழிலுக்கென்றே உரிய பழங்குடியில் பிறந்தவன் அறைந்து சொல்கிறான். வீதியில் புது மணல் பரப்புங்கள், கொடி கட்டுங்கள், பூரண கும்பம் வையுங்கள் என்கிறான். அதோடு, விழா நடக்கும் 28 நாளும் பகைவரோடுகூடச் சண்டை சச்சரவு வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் சொல்கிறான். அன்றைய அறிவித்தல் சண்டையைத் தவிர்க்கச் சொன்னது. இன்று நம் கைக்கு வருகிறவற்றில் பாதி சண்டையைத் தொடக்கி வைக்கின்றன.

கண்டி இராசதானியிலும் அரச கட்டளையைப் பறை அறைந்துதான் சொன்னார்கள். சிங்களத்தில் அதற்கு 'அண பெர' என்று பெயர். ஒலிபெருக்கி வருவதற்கு முன்னர் பல ஊர்ப் பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தை நகரா அடித்துத் தெரிவித்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அடிக்கிறவர் யார், யாருடைய சொல்லைச் சொல்கிறார் என்று ஊருக்குத் தெரியும். பிழை என்றால் போய்க் கேட்க ஒரு ஆள் இருந்தார்.

பழைய சீனாவில் எல்லைக் காவல் கோபுரங்களில் பகலில் புகையும் இரவில் தீயும் மூட்டிச் செய்தி அனுப்பினார்கள். அவர்களிடம் ஒரு கதை இருக்கிறது. சௌ வம்சத்து அரசன் யூ, தன் காதலியைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய்யாகத் தீ மூட்டினானாம். படைகள் ஓடி வந்து ஏமாந்து திரும்பின. கி.மு. 771 இல் எதிரி உண்மையிலேயே வந்தபோது தீயைக் கண்டும் ஒருவரும் வரவில்லை. நமக்குள்ள பயமும் இதுதான். நான்கு முறை பொய்க்கு ஓடிய சனம் ஐந்தாம் முறை உண்மைக்கு எழும்பாது. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் நாம். கிழவன் கிழவியைத் தூக்கவும், மாடு கன்றை அவிழ்த்து விடவும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியும்.

பொய்ச் செய்தி தண்ணீரைவிட வேகமாகவும் வரும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை கிளம்பியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு பரிசோதித்த அரச பகுப்பாய்வாளர் அது வெறும் மாக்கட்டி என்றார். அடித்து நொறுக்கியதை அந்த அறிக்கை திருப்பித் தரவில்லை.

அப்படியானால் அறிவிக்கிறவர் யாரென்று தெரிந்தால் போதுமா? போதாது. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது விடுதலைப் புலிகள். சொன்னவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று திருப்பிக் கேட்கத்தான் வழியில்லை. ஆகவே செய்திக்கு இரண்டும் வேண்டும்: சொன்னவரின் பெயர், கேட்பவரின் கேள்வி.

குர்ஆனில் ஒரு நிகழ்ச்சி. ஹுத்ஹுத் பறவை ஸபா நாட்டிலிருந்து செய்தி கொண்டு வருகிறது. சுலைமான் நபி (அலை) அதை உடனே நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. உண்மையா பொய்யா என்று பார்ப்போம் என்று சொல்லி, ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறார். பறவைகளின் மொழி தெரிந்த அரசரே விசாரித்திருக்கிறார். நாம் விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

இந்த மாரிக்கு நம் ஊரில் மூன்று காரியம் செய்வோம்.

ஒன்று, குளத்துச் செய்தி என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், கிராம அலுவலர், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியோர் சொன்னதை மட்டும் பகிர்வோம். சந்தேகம் என்றால் 117 க்கு அழைத்துக் கேட்போம்.

இரண்டு, யார் சொன்னது, எப்போது சொன்னது என்ற இரண்டும் இல்லாத செய்தியைக் குழுவில் போடுகிறவரிடம் மரியாதையாகக் கேட்போம். பதில் இல்லாவிட்டால் அட்மின் அழிக்கட்டும்.

மூன்று, போன் இல்லாத வீடுகளை மறக்க வேண்டாம். உறுதியான எச்சரிக்கை வந்தால் கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்று எந்த ஒலிபெருக்கி பக்கத்தில் இருக்கிறதோ அதில் பெயர் சொல்லி அறிவிக்கட்டும். அதற்குப் பொறுப்பான ஆட்களை இப்போதே பேசி வைப்போம்.

அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எடுப்போமா? உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள், உங்கள் பெயரோடு.